இருக்கிறவனுக்குத் திவசம்

சிங்கப்பெருமாள் கோயில்
12-2-1996

சௌபாக்கியவதி பிரபாவதிக்கு அண்ணா ஆராவமுதனின் அநேக ஆசீர்வாதம். இங்கே நானும் மன்னியும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை எந்த வாயால் விசாரிப்பது என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்காமல் ஆரம்பிக்க மனசு வரவில்லை.

பதிமூன்றாம் நாள் சுபம் முடிந்து உன்னைக் கல்பாக்கத்தில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து சந்நிதியில் வாய் பாட்டுக்குப் பாசுரம் சேவிக்கிறது, நினைவு உன் வாசலிலேயே நிற்கிறது. நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். காணும் பொங்கலன்று மாமல்லபுரத்துக் கடல் உன் பிள்ளை ஜெயந்தின் உடம்பைத்தான் எடுத்தது. ஆத்மாவை எந்தக் கடலும் எடுக்க முடியாது. அது பிறந்ததும் இல்லை, சாகப் போவதும் இல்லை. தண்ணீர் அதை நனைக்காது. பழைய வேஷ்டியைக் களைந்து புதுசு உடுத்துகிற மாதிரி என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வயது வேஷ்டி பழசா என்று நீ கேட்பாய். உபன்யாசத்தில் எத்தனையோ தடவை சொன்னவன்தான், இப்போது நானும் அந்த இடத்தைச் சொல்லாமல் தாண்டிப் போகிறேன். ஆனாலும் அது சத்தியம் பிரபா. குழந்தை பெருமாள் திருவடியில் சுகமாக இருக்கிறான்.

மாசியத்தை மட்டும் விட்டுவிடாதே. மாதாமாதம் அவன் திதியில் மடியாகத் தளிகை பண்ணிப் போடு. உன் அகத்துக்காரர் ஜானகிராமன் மந்திரம் சொல்லி இடுகிற பிண்டம் அவனுக்குப் போய்ச் சேரும். அடுத்த தை மாதம் வருஷாப்திகம் ஆகிறவரை அவன் வழியில் இருப்பதாகக் கணக்கு. வழியில் பிள்ளை பசித்திருக்கக் கூடாது.

வேளைக்குச் சாப்பிடு. இருவருக்கும் மறுபடியும் ஆசீர்வாதம்.

ஆராவமுதன்


கல்பாக்கம்
4-3-1996

சௌபாக்கியவதி ரமாவுக்கு அக்காவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளை லக்ஷ்மிநாராயணனுக்கும் குழந்தை மேக்னாவுக்கும் சொல்லவும். நாக்பூரில் வெயில் ஆரம்பித்துவிட்டதா? மேக்னாவுக்கு மோர் நிறையக் கொடு.

அண்ணாவிடமிருந்து கடிதம் வந்தது. மேலே பெருமாள் திருவடியில் இருக்கிறான் என்று எழுதிவிட்டு, கீழே வழியில் இருக்கிறான் என்கிறார். எது என்று எழுதிக் கேட்டால் பாவம், அண்ணா அழுதுவிடுவார். ஆத்மாவுக்கு அழிவில்லை என்று இந்த டவுன்ஷிப்பில் எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. சந்தோஷம். அழியாதது எங்கே இருக்கிறது என்று ஒருத்தராவது விலாசம் கொடுத்தால் இன்லண்டு லெட்டர் போடுவேன். பக்கத்து க்வார்ட்டர்ஸ் ஜெஸ்ஸி மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறாள்.

காணும் பொங்கலன்று காலையில் நாலு பையன்களோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். "பீச்சுக்குப் போய் நனைஞ்சுண்டு வந்து ஜலதோஷம்னு நிக்காதே"ன்னு சொன்னேன். "சரிம்மா, நனையல"ன்னான். அதுதான் கடைசிப் பேச்சு.

சாயங்காலம் நடந்து நம் ஊர்க் கடற்கரைக்குப் போகிறேன். தண்ணீர் முழங்காலுக்கு வருகிறவரை நிற்பேன். அதற்குமேல் ஏன் போகவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. இரண்டு தடவை உன் அத்திம்பேர் வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். நேற்று மீன்காரி செங்கம்மாள் சத்தம் போட்டாள்: "இன்னாமா அய்யரம்மா, அலைக்குள்ள போய் நின்னுகினு கீறே! தண்ணி இஸ்துகினு பூட்ச்சுன்னா சார் இன்னா பண்ணுவாரு?" சார் என்ன பண்ணுவார் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

கவலைப்படாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை.

அக்கா பிரபாவதி


நாக்பூர்
13-3-1996

அன்புள்ள அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் ரமாவின் அநேக நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் கடிதம் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. உடனே டிக்கெட் எடுத்து வரலாம் என்றால் இவர் இப்போது ரயிலில் போகக் கூடாது என்கிறார். காரணம் சொல்கிறேன், கேள். கடற்கரைக்குப் போகாதே அக்கா. நீ தேடுகிறவன் அங்கே இல்லை. என்னிடம் வந்திருக்கிறான். எனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு நிச்சயம் என்றுவிட்டாள். மேக்னா பிறந்து ஏழு வருஷத்துக்கு அப்புறம், இனிமேல் இல்லை என்று நாங்கள் விட்டுவிட்ட பிறகு, இப்போது ஏன் வரவேண்டும் சொல்லு. அண்ணா எனக்கும் எழுதினாரே வேஷ்டி, அந்தப் புது வேஷ்டி என் வயிற்றில் இருக்கிறது. உன்னை விட்டுவிட்டு அவனால் இருக்க முடியுமா?

பொழுது சாய்ந்தால் வீட்டைவிட்டு இறங்க மாட்டேன் என்று எனக்கு எழுது. எழுதினால்தான் நான் சாப்பிடுவேன். நான் சாப்பிட்டால்தான் அவன் சாப்பிடுவான்.

உன் ரமா


கல்பாக்கம்
22-3-1996

என் கண்ணே ரமா, நீ நூறு வருஷம் இருக்கணும். மாப்பிள்ளைக்கும் மேக்னாவுக்கும் ஆசீர்வாதம். நீ சௌக்கியம்தானே? வாந்தி இருக்கிறதா?

இன்லண்டை வாசலில் நின்றே படித்தேன். உள்ளே வந்து சாதம் வடித்தேன். உன் அத்திம்பேர் ஆபீஸிலிருந்து வந்தபோது நான் தட்டுப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மனுஷர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அப்படியா"ன்னார். அதற்கு மேல் அவரிடமிருந்து என்றைக்கு வந்திருக்கிறது!

எனக்குத் தெரியுமடி. எங்கேயோ பக்கத்தில் இருக்கிறான் என்று தோன்றிக்கொண்டேதான் இருந்தது. திருவடியில் இருக்கிறவனை நான் எப்படிப் போய்ப் பார்ப்பது? உன்னிடம் இருக்கிறவனை ரயில் ஏறி வந்து பார்க்கலாம்.

கடற்கரைக்குப் போகமாட்டேன். சத்தியம். நீ மாடிப்படி ஏறாதே, குடம் தூக்காதே. பப்பாளி தொடாதே. நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு அனுப்புகிறேன். அவன் வயிற்றில் இருந்தபோது எனக்கு அது இல்லாமல் ஒரு வாய் இறங்காது.

உன் அக்கா


சிங்கப்பெருமாள் கோயில்
24-5-1996

சௌபாக்கியவதி ரமாவுக்கு ஆராவமுதனின் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே நாங்கள் சௌக்கியம், மன்னிக்கு மட்டும் முழங்கால் வலி.

மாப்பிள்ளை சீமந்தத்துக்கு நாள் பார்க்கச் சொல்லி எழுதியிருந்தார். ஆனி முதல் வாரத்தில் நல்ல முகூர்த்தம் இருக்கிறது. பஞ்சாங்கத்தை மூடின பிறகுதான் எனக்கு உறைத்தது. எட்டாம் மாதத்துக்கு ஆனியில் நாள் கேட்டால், தை மாதம் நம் குழந்தை போகும்போதே உனக்கு மூன்றாம் மாதம். நாள் தள்ளிப்போயிற்று என்று மாசியில் எழுதினாய் என்று பிரபா என்னிடம் கடிதத்தைக் காட்டினாளே!

உன்னைக் கோபிக்கவில்லை. சாவு வீட்டில் இந்தச் செய்தியை எந்தப் பெண்தான் வாய் திறந்து சொல்வாள்? அப்புறம் அவள் கடலில் போய் நிற்கிறாள் என்றதும் கையில் இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டாய். நானாயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கர்ப்பத்தில் ஜீவன் ஏழாம் மாதம்தான் வந்து புகுகிறது என்று ஒரு பட்சம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு நானும் வாயை மூடிக்கொள்கிறேன். நீயும் மூடிக்கொள். அவள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். இப்போதைக்கு அது போதும்.

சீமந்தத்துக்கு மன்னி வருவாள். பிரபாவுக்கு வருஷம் முடியாமல் சுபகாரியத்துக்கு வரக் கூடாது என்று நான் சொல்லிவிட்டேன்.

ஆராவமுதன்


நாக்பூர்
9-8-1996

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் நமஸ்காரம். தந்தி கிடைத்திருக்கும். நானும் குழந்தையும் சௌக்கியம். கொஞ்சம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டான், பயப்பட ஒன்றுமில்லை. மூன்று கிலோ இருக்கிறான். நன்றாகப் பால் குடிக்கிறான். பெயர் விஷயமெல்லாம் இவர் அம்மாதான் முடிவு செய்வார்கள். அதிகம் எழுத முடியவில்லை, கண் சொருகுகிறது.

ரமா


கல்பாக்கம்
20-9-1996

சௌபாக்கியவதி ரமாவுக்கு ஆசீர்வாதம். நீயும் அவனும் சௌக்கியம்தானே? பத்தியம் சரியாக இருக்கிறாயா? பூண்டு, சுக்கு விடாதே.

முந்திப் பிறந்த குழந்தை மூன்று கிலோவா என்று ஜெஸ்ஸி கேட்டாள். அவன் என்றைக்கு எதற்குப் பொறுத்தான் என்றேன். எப்பவும் அவசரம்தான். பரீட்சைக்குக்கூட முதல் ஆளாகப் போய் முதல் ஆளாக எழுந்து வருவான்.

இடது காது மடிப்பில் ஒரு மச்சம் இருக்கும், பார். இல்லையென்றால் பரவாயில்லை, பின்னால் வரும். தூங்கும்போது வாய் கொஞ்சம் திறந்திருக்கிறதா? இத்துடன் அவன் வெள்ளி அரைஞாண் அனுப்பியிருக்கிறேன். உன் மாமியாரிடம் நானே கேட்கிறேன் என்று சொல், வேறு பெயர் வைக்க வேண்டாம். இருக்கிற பெயர் இருக்கட்டும். வேறு பெயரில் கூப்பிட்டால் அவன் குழம்பிப்போவான்.

போன மாசியத்துக்கு நான் தளிகை பண்ணவில்லை. எப்படிப் பண்ணுவேன்? அவன் உன் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும்போது இங்கே யாருக்குப் பிண்டம் வைப்பது? இருக்கிறவனுக்குத் திவசம் பண்ணினால் அவன் ஆயுசுக்குக் கெடுதல். தை மாத வருஷாப்திகமும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். உன் அத்திம்பேர் எழுந்து போய்ப் பால்கனியில் நின்றார்.

இன்னொன்று, தப்பாக நினைக்காதே. பால் மறக்கடித்ததும் அவனை இங்கே கொண்டுவந்து விட்டுவிடு. உனக்கு மேக்னா இருக்கிறாள். அவன் கட்டில், அவன் அலமாரி எல்லாம் துடைத்து வைத்திருக்கிறேன். அடுத்த தபாலில் பதில் போடு.

பிரபாவதி


கல்பாக்கம்
11-11-1996

ரமாவுக்கு ஆசீர்வாதம். தீபாவளிக்குக்கூட ஒரு வரி இல்லை. இது மூன்றாவது கடிதம். உடம்பு சரியில்லையா? நான் கேட்டது பிடிக்கவில்லையா? ஒரு கார்டில் "வந்தது" என்றாவது எழுது. குழந்தை குப்புற விழுந்துவிட்டானா?

அக்கா


கல்பாக்கம்
18-12-1996

அன்புள்ள ரமாவுக்கு ஜானகிராமன் எழுதுவது. லக்ஷ்மிநாராயணனும் குழந்தைகளும் நலம் என்று நம்புகிறேன்.

இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். எனக்கு எழுத வராது. ஆபீஸில் மீட்டர்களைச் சரிபார்க்கிற வேலை. முள் எங்கே நிற்கிறதோ அதை அப்படியே எழுதவேண்டும், அவ்வளவுதான் தெரியும். இதையும் அப்படியே எழுதுகிறேன். பிரபாவுக்குத் தெரியாது.

ஆவணியிலிருந்து மாசியத்தை உன் அண்ணா வீட்டில் செய்துகொண்டு வருகிறேன். பஸ்ஸில் போய்ச் செய்துவிட்டு, ஆபீஸ் வேலை என்று சொல்கிறேன். மன்னி தளிகை பண்ணுகிறார். ஆத்மா, மறுபிறப்பு இதெல்லாம் எனக்குத் தெரியாது. இருபது நிமிஷம் எள்ளும் தண்ணீரும் விட்டு அவன் பெயரைச் சொல்கிறேன். அந்த இருபது நிமிஷம் நான் அவனுக்கு அப்பாவாக இருக்கிறேன். மற்ற நேரத்தில் நான் யார் என்று தெரியவில்லை. வீட்டில் அவன் போய்விட்டான் என்று சொல்லவே கூடாது. அழவும் கூடாது. அழுதால், "இருக்கிற குழந்தைக்கு ஏன் அபசகுனமா அழறேள்" என்கிறாள்.

தை மாதத் தேய்பிறைத் துவாதசி, பிப்ரவரி முதல் வாரத்தில் வருகிறது. வருஷாப்திகத்தை எங்கள் வீட்டில், அவன் அம்மா கையால் ஆன தளிகையில் செய்ய ஆசைப்படுகிறேன். என் ஆசை இது ஒன்றுதான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. உன் கடிதம் வந்த அன்று சாயங்காலம் அவள் என்ன செய்ய இருந்தாள் என்று எனக்குத் தெரியும். என் பெண்டாட்டியை நீதான் கரைக்கு இழுத்துப் போட்டாய். அதை நான் மறக்கமாட்டேன். ஆனால் அவள் நீ சொன்னால்தான் கேட்பாள். முடியுமானால் எழுது. முடியாவிட்டாலும் உன்மேல் வருத்தமில்லை.

ஜானகிராமன்


நாக்பூர்
16-1-1997

அக்காவுக்கு நமஸ்காரம்.

உனக்கு எழுதவேண்டும் என்று பத்து நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கிறேன். குழந்தைக்கு நிமோனியா. நேற்றிலிருந்து ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள். விலா எலும்பு ஒவ்வொன்றும் உள்ளே போய் வருகிறது. இங்கே குளிர் அப்படி. டாக்டர் இன்று ராத்திரி தாண்டட்டும் என்கிறார்.

மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "தைரியமா இரு, ஆத்மாவுக்கு அழிவில்லை, பகவான் எடுத்துண்டாலும் திரும்பக் கொடுப்பான்" என்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். "எனக்குத் திரும்ப எவனும் வேண்டாம். பத்துப் பிள்ளை பிறந்தாலும் வேண்டாம். இவன்தான் வேணும். என் கேசவன்தான் வேணும்!"

ஆமாம் அக்கா, அவன் பெயர் கேசவன். பதினோராம் நாளே வைத்தாயிற்று. உனக்கு எழுதக் கை வரவில்லை. காதில் மச்சம் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன். அரைஞாணைக் கட்டவே இல்லை, பெட்டியில் இருக்கிறது. உனக்கு நான் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன், இவனைக் கொடுக்கமாட்டேன். கோபித்துக்கொள். ஆனால் இவனுக்காக வேண்டிக்கொள். இவன் யாராக இருந்தாலும் வேண்டிக்கொள்.

நர்ஸ் கூப்பிடுகிறாள்.

ரமா


கல்பாக்கம்
7-2-1997

சௌபாக்கியவதி ரமாவுக்கும் மாப்பிள்ளைக்கும் மேக்னாவுக்கும் சிரஞ்சீவி கேசவனுக்கும் அநேக ஆசீர்வாதம். குழந்தை தேறி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று மாப்பிள்ளை ஜெஸ்ஸி வீட்டுக்குப் போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்னும் இரண்டு மாதம் தலைக்குத் தண்ணீர் விடாதே. நெஞ்சில் கற்பூர எண்ணெய் தடவு.

உன் கடிதம் முதலில் என்னைச் சுட்டது. அந்தக் கோபத்திலேயே மறுபடி படித்தேன். "இவன்தான் வேணும்" என்று நீ கத்தின இடத்தை வாய்விட்டுப் படித்தேன். அது என் குரல் ரமா. போன வருஷம் பூரா நான் கத்தியிருக்கவேண்டியது அது. யாராவது திரும்பக் கொடுக்கிறேன் என்றால் சரி என்று ஏன் வாயை மூடிக்கொண்டேன்? எனக்கும் அவன்தான் வேண்டியிருந்தது. கேசவன் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தாலும் அவன் ஜெயந்த் ஆகமாட்டான்.

நீ எழுதாத ஒன்றை நான் எழுதுகிறேன். போன வருஷம் சுபத்தன்று காபித் தம்ளரை மூக்கருகில் கொண்டுபோனதும் நீ கொல்லைப்பக்கம் ஓடினாய். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நானும் ஒரு பிள்ளை பெற்றவள்தானே? அப்புறம் மார்ச் மாதம் நீ எழுதினபோது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தே நம்பினேன். முழுகுகிறவள் கையில் கிடைத்ததைத்தானே பிடித்துக்கொள்வாள்? நீ அதைப்பற்றி இனி ஒரு வார்த்தை பேசாதே. அண்ணாவையும் பேசவிடாதே, ஏழாம் மாதம் எட்டாம் மாதம் என்று ஆரம்பித்துவிடுவார்.

செவ்வாய்க்கிழமை இங்கேயே வருஷாப்திகம் நடந்தது. முதல் நாள் ராத்திரி உன் அத்திம்பேரிடம், "நாளைக்கு ஆபீஸ் வேலைன்னு எங்கேயும் போகவேண்டாம், வாத்தியாரை இங்கே வரச் சொல்லுங்கோ" என்றேன். எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மாதம் ஒரு தரம் சட்டையில் எள் ஒட்டிக்கொண்டு வருகிறவர், ஆபீஸில் எள்ளா கொடுக்கிறார்கள்?

மடியாக எல்லாம் நானே பண்ணினேன். வாழைக்காய், பாகற்காய், வடை, அதிரசம், திருக்கண்ணமுது. அவனுக்கு உருளைக்கிழங்கு தவிர எதுவும் பிடிக்காது. அது திவசத்துக்கு ஆகாதாம். பாகற்காயைப் பார்த்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவனுக்குப் பாகற்காய் பண்ணிக்கொண்டிருக்கிறேனே என்று அடுப்படியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதேன். ஒரு வருஷம் கழித்து அழுதேன்.

சங்கல்பத்தில் வாத்தியார் பெயரைச் சொல்லச் சொன்னார். உன் அத்திம்பேருக்கு வாய் வரவில்லை. நான் அடுப்படியிலிருந்து "ஜெயந்தன்" என்று சொன்னேன். அப்புறம்தான் அவர் சொன்னார். சொல்லிவிட்டு, வாத்தியார் முன்னாலேயே துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். இந்த மனுஷர் ஒரு வருஷம் இதை எங்கே வைத்திருந்தாரோ! நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண்டுகள் அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று வாத்தியார் சொல்லவில்லை.

அண்ணா முதலில் எழுதினதை எடுத்துப் படித்தேன். அழியவில்லை என்றால் அவன் அவனாகவே எங்கேயோ இருக்கிறான். திருவடியோ, வழியோ, எதுவோ. படித்து முடித்து பம்பாய்க்கு வேலைக்குப் போயிருந்தால்கூட எந்தத் தெருவில் நடக்கிறான் என்று எனக்குத் தெரியவா போகிறது? இருக்கிறான், வருஷத்துக்கு ஒரு வேளை என் கைச் சாப்பாடு போகிறது. அது எனக்குப் போதும் என்று சொல்லமாட்டேன், போதவில்லை. ஆனால் பொய்யில்லாமல் கிடைத்தது அது ஒன்றுதான், வைத்துக்கொள்கிறேன்.

சித்திரையில் நாங்கள் இருவரும் நாக்பூர் வருகிறோம். பயப்படாதே, பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அதற்கு முன்னால் குழந்தையைப் பற்றி எழுது. நிறமா, மாநிறமா? சிரித்தால் குழி விழுகிறதா? எந்தச் சத்தம் கேட்டால் திரும்புகிறான்? அவனை ஒரு தடவைகூட நான் விசாரிக்கவில்லை ரமா. எனக்கு அவனைத் தெரியவே தெரியாது.

இப்படிக்கு,
கேசவனின் பெரியம்மா
பிரபாவதி